கமக்காரர் வீட்டில் அடங்காத நாயைத் திருத்தும் முறை

வயலும் தோட்டமும் உள்ள வீட்டிற்கு நாய் ஒரு நல்ல காவலாளாகும். இரவிலே தோட்டத்தை நாடி வரும் பன்றியையும் முள்ளம்பன்றியையும் அதுவே முதலில் அறிகின்றது. படலையைத் திறக்கும் அந்நியரின் வரவை வீட்டாருக்கு உணர்த்துகின்றது. கோழிக்கூட்டைச் சுற்றும் மரநாயை விரட்டுகின்றது. ஒரு சட்டி சோற்றுக்கு இத்துணை ஊழியஞ் செய்யும் பிராணி வேறொன்றில்லை எனலாம்.

ஆயினும், அடக்கமற்ற நாயினால் அவ்வீட்டிற்கே நட்டமும் உண்டாகின்றது. ஒரு போகத்திற்கு வேண்டிய மிளகாய் நாற்றை அது ஒரு காலைப்பொழுதில் மிதித்து அழித்துவிடும். படங்கிற் காயும் நெல்லின் மேல் ஓடி அதனை மண்ணிற் சிதறடிக்கும். அயல்வீட்டுக் கோழியைக் கொன்று தீராத பகையைத் தேடித் தரும். துவிச்சக்கர வண்டியிற் செல்பவரைத் துரத்தி விழுத்தும். அன்பினால் மேலே பாயும்போதே முதியோரையும் குழந்தைகளையும் தள்ளி விழச் செய்யும். இவற்றைப் பொறுக்க முடியாத வீட்டார் ஈற்றில் நாயை இரவு பகலாகச் சங்கிலியிற் கட்டிவைக்கின்றனர். அல்லது தூரத்துச் சந்தையடியிலே விட்டுவிட்டு வருகின்றனர். கட்டிக்கிடக்கும் நாய் மேலும் வெறிகொள்கின்றது. கைவிடப்பட்ட நாயோ தடுப்பூசியின்றித் தெருவில் அலைந்து ஊர் முழுவதற்கும் ஆபத்தாகின்றது.

இவ்விரு முடிவுகளும் பெரும்பாலும் வேண்டாதவை. துடிப்பு மிகுந்த நாய் கெட்ட நாயன்று. அது பெரும்பாலும் வீட்டாரே தம்மையறியாது அவ்வாறு பழக்கிவிட்ட நாயாகும். பழக்கியது எவ்வாறென்பதை அறிந்துகொண்டால் மாற்றிப் பழக்குதலும் இயலும். அதற்கு வேண்டியவை நாளொன்றுக்குச் சில நிமிடங்களும், வீட்டார் எல்லோரினதும் ஒற்றுமையும், பொறுமையுமேயாம்.

நாய் ஏன் இவ்வாறு நடக்கின்றது?

1898 ஆம் ஆண்டில் எட்வேட் தோண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர், பூனை, நாய் முதலிய பிராணிகளைக் கூட்டில் அடைத்து, அவை வெளிவரும் வழியை எவ்வாறு கற்கின்றன என ஆராய்ந்தார். தனக்கு நற்பயன் தந்த செய்கையைப் பிராணி மீண்டும் மீண்டும் செய்யும் என்பதும், பயன் தராத செய்கையை நாளடைவிற் கைவிடும் என்பதும் அவர் கண்ட உண்மைகளாம். நாயைத் திருத்தும் முறை முழுவதும் இவ்வொரு விதியிலேயே தங்கியுள்ளது. கமக்காரரின் சொல்லிற் கூறுவதாயின், நாய் எதற்குக் கூலி பெறுகின்றதோ அதனையே செய்யும்.

இக்கூலி சோறு மட்டுமன்று. வீட்டாரின் பார்வையும் பேச்சும் கைபடுதலும் நாய்க்குக் கூலியேயாம். வயலிலிருந்து மாலையில் வீடு திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாய் ஓடிவந்து சேற்றுக் காலுடன் அவர்மேற் பாய்கின்றது. அவர் "சீ, போ" என்று கூறி இரு கைகளாலும் அதனைத் தள்ளுகின்றார். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். அடுக்களையிலிருந்து வந்த தாய், நாயின் ஆர்ப்பாட்டம் அடங்கட்டுமென ஒரு பிடி சோற்றை வைக்கின்றார். வீட்டார் நாயைக் கண்டித்ததாகவே எண்ணுகின்றனர். நாயோ, பாய்ந்தவுடனே எசமானின் பார்வையும் சொல்லும் கையும், பிள்ளைகளின் மகிழ்ச்சியும், இறுதியிற் சோறும் பெற்றுவிட்டது. அதே நாய் விறாந்தையோரத்தில் அமைதியாகப் படுத்திருந்த பகல் முழுவதும் அதனை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆகவே அமைதிக்குக் கூலியில்லை, ஆர்ப்பாட்டத்திற்கே கூலியுண்டு என்று அந்நாய் கற்றுக்கொள்கின்றது.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. இரசிய அறிஞர் இவான் பவ்லோவ் உணவுச் செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904 ஆம் ஆண்டில் நோபெற் பரிசு பெற்றவர். உணவு வருமுன் கேட்கும் ஓசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதை அவர் எடுத்துக்காட்டினார். சட்டியின் ஓசை, படலையின் கிறீச்சொலி, கோழிக்கூட்டின் கதவு திறக்கும் சத்தம் என்பவற்றைக் கேட்டவுடனே உங்கள் நாய் துள்ளுவதன் காரணமும் இதுவே. அது வேண்டுமென்றே செய்யும் குறும்பன்று. அதன் உடலிற் படிந்துவிட்ட பழக்கமாகும். ஆகையால் நாய்மீது கோபங்கொள்வதிற் பயனில்லை. பழக்கத்தை மாற்றுவதே வழி.

பழக்கத் தொடங்குமுன் ஆராய வேண்டியவை

நிலத்தைப் பண்படுத்தாது விதைப்பவர் நல்ல விளைவைக் காணமாட்டார். அதுபோலவே, நாயைப் பழக்குமுன் பின்வருவனவற்றை நோக்குதல் வேண்டும்.

வயது: ஆறு மாதத்திற்கும் ஒன்றரை வயதிற்கும் இடைப்பட்ட நாய் இயல்பாகவே துடிப்பு மிகுந்தது. முன்னர்ச் சொற்கேட்ட குட்டியும் இப்பருவத்திற் கேளாததுபோல் நடக்கும். இது கடந்து செல்லும் பருவமாயினும், இப்போது கற்கும் தீய பழக்கங்கள் நிலைத்துவிடும். 4 மாதம் முதல் 7 மாதம் வரை பல் மாறுங்காலமாதலின் கண்டதையெல்லாம் கடிக்கும்.

நடையும் வேலையும்: இளநாய்க்குக் காலையும் மாலையும் நடை வேண்டும். வயல் வரம்பைப் பார்வையிடச் செல்லும்போது கயிற்றிற் பிடித்து உடன் கொண்டுசெல்லலாம். வழியிலே மோந்து பார்க்க இடங்கொடுத்தல் நன்று. மோப்பம் நாயின் அறிவுக்கு வேலை கொடுத்து அதனை அமைதிப்படுத்தும். நாய்க்கு வியர்வை மிகக் குறைவு. இளைத்தே அது உடற்சூட்டைத் தணிக்கின்றது. எனவே நண்பகல் வெயிலில் அதனை ஓடவிடலாகாது.

உணவும் நீரும்: குறித்த வேளையில் உணவும், எந்நேரமும் நிழலிலே தூய நீரும் வைத்தல் வேண்டும். பசித்த நாய் கோழி முட்டையையும் கோழியையும் தேடும்.

உறக்கம்: வளர்ந்த நாயும் நாளின் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை ஓய்வில் கழிப்பது. குட்டிக்கு இன்னும் அதிகம் வேண்டும். பிள்ளைகள் ஓயாது எழுப்பி விளையாடும் குட்டி, உறக்கம் குறைந்த குழந்தையைப்போல அடங்காது.

நோய்: உண்ணி, தெள்ளு, காதுப்புண், குடற்புழு என்பன நாயை அமைதியிழக்கச் செய்யும். தொட்டவுடன் சீறும் நாய்க்கு எங்கோ நோவு இருத்தல் கூடும். இவற்றிற்கு முதலில் மிருக வைத்தியரிடம் பரிகாரம் பெறுதல் வேண்டும். நலந்தட்டிய ஆண்நாய் பெண்நாயைத் தேடி அலைவது குறையும். ஆயினும் மேலே பாய்தல், குரைத்தல் முதலியவற்றை அது தானாகவே திருத்திவிடாது.

அடித்தல் ஏன் பயன்படாது?

தடியெடுத்தால் நாய் அடங்குமென்பது பலரின் எண்ணம். அடி விழும் நேரத்தில் நாய் ஒடுங்கி நிற்பது உண்மையே. ஆனால் எதற்காக அடிவிழுந்தது என்பதை அது அறிவதில்லை. நாற்றுமேடையை மிதித்து அரைமணித்தியாலம் கழிந்தபின் அடித்தால், அடித்தவரின் கைக்கு அஞ்சவே அது கற்கும். அழைத்துப் பிடித்து அடித்தால், மறுநாள் அழைத்தாலும் வராது. அது வாலைத் தாழ்த்திக் காதை மடித்து நிற்பதைக் கண்டு, தன் குற்றத்தை உணர்ந்துவிட்டது என்று கருதுதல் தவறு. அது உங்கள் முகத்தையும் குரலையும் கண்டு அஞ்சுகின்றது.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. உறுமுதல் என்பது நாய் கடிக்குமுன் தரும் எச்சரிக்கை. உறுமியதற்கு அடித்தால் நாய் உறுமுவதை விடும், கடிப்பதை விடாது. எச்சரிக்கையின்றிக் கடிக்கும் நாயை உருவாக்குதல் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நாமே தேடும் ஆபத்தாகும்.

வாய்க்காலை மறித்தால் நீர் நின்றுவிடுவதில்லை. வேறொரு வரம்பை உடைத்துச் செல்லும். நீர் செல்வதற்கு வேறு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பவரே அறிந்த கமக்காரர். நாயின் துடிப்பும் அத்தகையதே. "செய்யாதே" என்று தடுப்பது மட்டும் போதாது; செய்யத்தக்கது யாதெனக் காட்டிக் கொடுத்தல் வேண்டும்.

பழக்கும் விதிகள்

1. நாய் அமைதியாயிருக்கும்போதே எதையுங் கொடுத்தல் வேண்டும். சோறு, தடவல், கயிற்றை அவிழ்த்தல், படலையைத் திறத்தல் ஆகிய யாவும் இவ்விதிக்கு அடங்கும்.

2. நற்செய்கைக்குரிய பரிசை அச்செய்கை நிகழ்ந்து ஓரிரு வினாடிகளுள் கொடுத்தல் வேண்டும். பிந்திய பரிசு வேறு செய்கைக்குரியதாகிவிடும்.

3. வீட்டார் யாவரும் ஒரே முறையைக் கைக்கொள்ளல் வேண்டும். தந்தை தடுப்பதை மகன் அனுமதித்தால் நாய் ஒன்றையுங் கற்காது. பத்து முறை மறுத்துப் பதினோராம் முறை கொடுப்பது எல்லாவற்றினும் கெடுதியானது. விடாது முயன்றாற் கிடைக்கும் என்றே நாய் அதனாற் கற்கின்றது.

4. சொற்கள் குறுகியனவாயும் எப்போதும் ஒரே வடிவினவாயும் இருத்தல் வேண்டும். "இரு", "படு", "வா", "விடு" என்னும் நான்கு சொற்களும் வீட்டு நாய்க்குப் போதும்.

5. ஒரு பாடம் 5 நிமிடத்திற்கு மேற்படலாகாது. நாளில் மூன்று முறை, காலையிலும் மாலையிலும் வெயிலில்லாத வேளைகளில் நடத்துக.

பரிசாகக் கச்சான் விதையளவு சிறு துண்டுகளே போதும். அவித்த முட்டை, முள் நீக்கிய அவித்த மீன், அவித்த ஈரல் என்பன ஏற்றவை. வெண்காயத்தை எவ்வகையிலுங் கொடுத்தலாகாது. அது நாயின் செங்குருதிக் கலங்களை அழிப்பது. வெண்காயம் சேர்ந்த கறியும் தீங்கானதே. முந்திரிகைப்பழம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவித்த கோழியெலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடியது. வெண்காயமும் முந்திரிகையும் செய்கைபண்ணும் தோட்டங்களில் இவற்றை நன்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நான்கு பாடங்கள்

இருத்தல்: பரிசை நாயின் மூக்கிற்கு நேரே பிடித்து, மெதுவாகத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்துக. தலை உயரப் பின்பக்கம் தானே தாழ்ந்து நிலத்திற்படும். அக்கணமே பரிசளிக்குக. அவ்வாறு பல முறை செய்து, நாய் தடையின்றி இருக்கத் தொடங்கியபின் "இரு" என்னுஞ் சொல்லைச் சேர்த்தல் வேண்டும். பின்பக்கத்தைக் கையால் அழுத்துதல் வேண்டா.

சாக்கிற் படுத்தல்: விறாந்தையில் ஓரிடத்தில் ஒரு பழஞ்சாக்கை மடித்துப் போடுக. உரம், பீடைநாசினி என்பன இருந்த சாக்கு ஆகாது. நாய் சாக்கில் கால்வைக்கும்போது முதலிற் பரிசளித்து, பின்னர் அதிற் படுத்தால் மட்டும் பரிசளித்து, படிப்படியாகப் படுத்திருக்கும் நேரத்தை நீட்டுக. அமைதியாகப் படுத்திருக்கும்போது இடையிடையே பரிசொன்றை அதன் முன்கால்களுக்கிடையே ஓசையின்றி வைத்துச் செல்லுக. துடிப்பு மிகுந்த நாய்க்கு இதுவே தலையாய பாடமாகும்.

அழைத்தால் வருதல்: பெயரைக் கூறி "வா" என அழைத்து, வந்தவுடன் தவறாது பரிசளிக்குக. அழைத்துக் கட்டுவதையோ, அழைத்துக் கண்டிப்பதையோ ஒருபோதுஞ் செய்யற்க. கட்டவேண்டியிருப்பின் நீங்களே நாயிடஞ் செல்லுதல் வேண்டும்.

விடுதல்: மூடிய கையிற் பரிசை வைத்துக் காட்டுக. நாய் நக்கும், சுரண்டும். கையைத் திறவாது பொறுத்திருக்குக. அது வாயை எடுத்துச் சற்றே விலகியவுடன் மற்றக் கையிலிருந்து பரிசளிக்குக. பின்னர் "விடு" என்னுஞ் சொல்லைச் சேர்க்குக. நஞ்சுண்ட எலியை வாயிற் கவ்விய நாயின் உயிரைக் காக்கக்கூடிய சொல் இதுவேயாகும்.

குற்றங்களும் அவற்றின் திருத்தமும்

மேலே பாய்தல்: நாய் பாய்ந்தவுடன் பேசாது, தொடாது, பார்க்காது திரும்பி நில்லுங்கள். நான்கு கால்களும் நிலத்திற் பட்ட அக்கணமே குனிந்து மெதுவாகத் தடவுங்கள். முதற் சில நாட்களில் நாய் முன்னரினும் அதிகமாகப் பாயும். வழக்கமாகக் கிடைத்த கூலி கிடையாதபோது அது கூடுதலாக முயல்கின்றது. அணையுமுன் விளக்குச் சுடர்விடுவது போன்றது இது. பலர் இந்நிலையில், இம்முறை பயன்படவில்லையெனக் கைவிடுகின்றனர். அப்போது கைவிட்டால் முன்னரினும் பலமாகப் பாயவேண்டும் என்றே நாய் கற்கும். வயலிலிருந்து வருபவர் படலையிலேயே சற்று நின்று, நாய் இருந்தபின் உள்ளே வருதல் நன்று. முதியோரும் குழந்தைகளும் வரும்போது, நாய் பழகும்வரை அதனைக் கயிற்றிற் பிடித்திருத்தல் வேண்டும்.

படலையில் ஓயாது குரைத்தல்: இரண்டு மூன்று முறை குரைத்தல் காவலாகும், அதனைத் தடுக்கலாகாது. ஆனால் தெருவாற் செல்பவர் தம் வழியே போய்விட, தானே குரைத்துத் துரத்திவிட்டதாக நாய் கருதுகின்றது. ஒவ்வொரு நாளும் இவ்வாறு வெற்றி பெறும் நாய் மேலும் மேலும் குரைக்கும். விறாந்தையிலிருந்து உரத்துக் கத்துதல், வீட்டாரும் உடன் குரைப்பதாகவே அதற்குத் தோன்றும். எழுந்து சென்று, யாரெனப் பார்த்து, "போதும்" என ஒருமுறை மெதுவாகக் கூறி, நாயைச் சாக்கிற்கு அழைத்துப் பரிசளிக்குக. படலையையும் வேலியின் இடைவெளிகளையும் கிடுகினால் அடைத்துத் தெருவை மறைத்துவிட்டாற் குரைப்பு பெருமளவிற் குறையும். துவிச்சக்கர வண்டியைத் துரத்தும் நாய்க்கு முதன்மையான பரிகாரம் நல்ல வேலியே.

கோழியையும் ஆட்டையும் துரத்துதல்: ஓடும் பிராணியைத் துரத்துதல் நாயின் இயல்பூக்கம், துரத்துதலே அதற்குப் பெருங்கூலி. எனவே முதலில் துரத்த வாய்ப்பின்றிக் கோழிகளை அடைத்தல் வேண்டும். பின்னர் நாயை 20 அடி நீளமான கயிற்றிற் பிடித்து, கோழிகளைக் கண்டும் பதறாத தூரத்தில் நிறுத்துக. அது கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தவுடன் பரிசளிக்குக. நாளுக்கு ஓரிரு அடியாக நெருங்குக. நாய் உடல் விறைத்துக் கோழியையே உற்றுநோக்கினால் நெருங்கிவிட்டீர்களென அறிந்து பின்வாங்குக. கோழியை ஒருமுறை கொன்று ருசிகண்ட நாயை, எவ்வளவு பழக்கினும், கோழிகளுடன் தனியே விடலாகாது.

நாற்றுமேடையைக் கிளறுதல்: புதிதாக நீர் ஊற்றிய மேடை குளிர்ந்தும் மிருதுவாயும் இருத்தலால் வெப்பகாலத்தில் நாய் அதைத் தேடுகின்றது. மேடையை முட்கிளைகளாலோ வலையாலோ மூடிவிட்டு, மரநிழலில் மணற்குழியொன்றை அமைத்து நீர் தெளித்து வைத்தால் நாய் அவ்விடத்தையே விரும்பும். மீன்கழிவு, எலும்புத்தூள், பிண்ணாக்கு என்பனவற்றின் மணமும் நாயைக் கிளறத் தூண்டும். இவற்றை மண்ணோடு நன்றாகக் கலந்து மூடுதல் வேண்டும். ஆமணக்கம் பிண்ணாக்கு நாய்க்குக் கொடிய நஞ்சாகும். அதனை இட்ட தோட்டத்தில் நாயை விடாதிருப்பதோடு, மீந்த பிண்ணாக்கை எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

செருப்பு, குழாய் முதலியவற்றைக் கடித்தல்: நீர்பாய்ச்சும் இறப்பர்க் குழாயைக் கடித்துத் துளைக்கும் நாய் செலவு மிக்கது. அத்தகைய பொருள்களை உயரத்தில் வைத்து, கடிப்பதற்கெனத் தடித்த பழங்கயிற்று முடிச்சொன்றைக் கொடுக்குக. பறிக்க முயன்றால் நாய் அதை விளையாட்டாகக் கொண்டு ஓடும். "விடு" எனக் கூறிப் பரிசுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

கட்டும் முறை

சில வேளைகளில் நாயைக் கட்டியே ஆகவேண்டும். பீடைநாசினி தெளிக்கும்போதும், தெளித்த இலைகள் உலரும்வரையும், எலி நஞ்சு வைத்த நாட்களிலும், உழவு இயந்திரமும் சூடடிக்கும் இயந்திரமும் வேலை செய்யும்போதும், நெல் காயும்போதும் நாயை விட்டுவைத்தலாகாது. ஆனால் கட்டுதல் தண்டனையாகாதிருத்தல் வேண்டும். நிழலும் நீரும் உள்ள இடத்தில், கழுத்துப்பட்டியின் உள்ளே இரு விரல் செல்லுமளவு தளர்வாகக் கட்டுக. இரு மரங்களுக்கிடையே கம்பியொன்றை இழுத்துக் கட்டி, அதில் ஓடும் வளையத்திற் சங்கிலியை மாட்டினால் நாய் நடமாட இடமுண்டாகும். கட்டுமுன் நடை கொடுத்து, கட்டியபின் கடிக்கக் கயிற்று முடிச்சொன்றும் கொடுத்தால் அது அமைதியாயிருக்கும். குரைக்கும்போது அவிழ்த்துவிடாது, அமைதியாயிருக்கும்போது அவிழ்க்குக. நாள் முழுவதும் கட்டிக்கிடக்கும் நாய் அந்நியர்மீது வெறிகொள்ளும். அவிழ்ந்த அன்று அதுவே முதலிற் கடிக்கும்.

பிள்ளைகளும் நாயும்

நாய்க்கடியில் இருந்து பிள்ளைகளைக் காத்தல் பெற்றோரின் கடமை. சிறு குழந்தையையும் நாயையும், அது எவ்வளவு நல்ல நாயாயினும், தனியே விடற்க. நாய் உண்ணும்போதும் உறங்கும்போதும் குட்டிகளுடன் இருக்கும்போதும் அதனிடஞ் செல்லாதிருக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிக்குக. துள்ளிவரும் நாயைக் கண்டு கத்தி ஓடினால் அது துரத்தும். கைகளை மடித்து, மரம்போல அசையாது நின்றால் அது விரைவில் ஆர்வமிழந்து விலகும். வீட்டு நாய்க்கு "இரு" என்னும் பாடத்தைப் பெற்றோர் முன்னிலையிற் பிள்ளைகளே நடத்துதல் நன்று. நாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் மதிக்கக் கற்பர்.

முக்கிய எச்சரிக்கை

நெடுநாள் அமைதியாயிருந்த நாய் திடீரெனக் கண்டதையெல்லாங் கடித்தாலும், குரல் மாறினாலும், வாயிலிருந்து நுரையும் உமிழ்நீரும் வடிந்தாலும், நீர் விழுங்க இடர்ப்பட்டாலும், தள்ளாடினாலும் அது பழக்கத்தாற் றிருத்தும் குற்றமன்று; நீர்வெறுப்பு நோயாக இருத்தல் கூடும். அத்தகைய நாயை அணுகாது, அடைத்துவைக்க இயலுமாயின் அடைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ உடனே அறிவித்தல் வேண்டும்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுக. குட்டி கடித்த சிறு கீறலென்று அசட்டை செய்யலாகாது. நோய்க்குறிகள் தோன்றியபின் இந்நோய்க்கு ஆளானவரைப் பிழைக்கச் செய்தல் அநேகமாக இயலாது. முன்னரே ஊசி போட்டுக்கொண்டாற் காக்கலாம். இந்நோயைத் தடுப்பதற்கென இந்நாட்டில் 1893 ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு, அதற்குரிய அட்டையைக் காணிப் பத்திரத்தைப்போலப் பேணி வைத்தல் வேண்டும்.

நான்கு கிழமை ஒழுங்கு

முதலாங் கிழமை: வீட்டார் யாவரும் கூடி, நாய்க்குரிய சொற்களையும் விதிகளையும் தீர்மானித்தல். காலை மாலை நடை. பாய்ந்தாற் றிரும்பி நிற்றல். "இரு" பாடம்.

இரண்டாங் கிழமை: "சாக்கிற் படு", "வா" என்னும் பாடங்கள். சோற்றுச் சட்டியை நாய் இருந்தபின்னரே வைத்தல். படலையைக் கிடுகினால் மறைத்தல்.

மூன்றாங் கிழமை: "விடு" பாடம். வீட்டார் உண்ணும்போது நாயைச் சாக்கிற் படுக்கவைத்தல். அயலார் ஒருவரை வரச்செய்து படலையிற் பழக்குதல்.

நான்காங் கிழமை: கயிற்றிற் பிடித்து, தூரத்திலிருந்து கோழிகளையும் ஆடுகளையும் காட்டிப் பழக்குதல். நன்கு கற்றவற்றுக்குப் பரிசை இடையிடையே மட்டும் கொடுத்து, தடவலையும் நற்சொல்லையும் தொடர்தல்.

சில நாய்களுக்கு இதனினும் நீண்ட காலம் வேண்டும். நெடுநாட் படிந்த பழக்கம் மாற மாதங்கள் செல்லுதலும் உண்டு. ஒருவரையேனும் கடித்த நாயையும், உணவுச் சட்டியை அணுகினாற் சீறும் நாயையும் வீட்டாரே திருத்த முயலாது மிருக வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

களையை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பிடுங்குபவரின் தோட்டம் தூய்மையாயிருப்பதுபோல, நாள்தோறும் சில நிமிடம் பழக்கப்பட்ட நாயும் அடக்கமுள்ளதாகும். இன்று மாலை வயலிலிருந்து திரும்பும்போது உங்கள் நாய் சாக்கில் அமைதியாகப் படுத்திருக்கக் கண்டால், அதனைக் காணாததுபோற் கடந்து செல்லாதீர்கள். சற்று நின்று, மெதுவாக ஒரு நற்சொற் கூறுங்கள். திருத்தம் அவ்விடத்திலேயே தொடங்குகின்றது.